தொட்டியில் ஒரு கற்பூரவள்ளி!

"தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன் டாக்டர்... இருந்தும் செத்துக்கிட்டே வருதே!"

ஐப்பசி மாதம். கோடியக்கரையில் மூன்று நாளாக விடாத மழை. என் வீட்டுத் திண்ணையில் வைத்தியத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களில் அந்தப் பெண் மட்டும் மடியில் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார். நோயாளி அவரல்ல, தொட்டிதான்!

ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனபோது ஆசையாக வாங்கி வந்தாராம். கடுகு இலை அளவுகூட இல்லாத குட்டிக் குட்டி இலைகள். ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கரை கட்டியதுபோல் ஒரு கோடு. கசக்கி மோந்தால் எலுமிச்சை வாசனை. 'லெமன் தைம்' என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "இருமலுக்கு நல்லதாமே... குழந்தைக்கு ஆகுமேன்னு வாங்கினேன்."

அவர் கேள்விப்பட்டதில் தப்பில்லை. தைம் இலை ஐரோப்பாவில் மிகப் பழைய இருமல் மருந்து. ஜெர்மனியில் இன்றைக்கும் தைம் சேர்ந்த இருமல் மருந்துகள் மருந்துக் கடைகளில் விற்பனையாகின்றன. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய தரைக்கடல் ஓரத்துக் கல்லுப் பாறைகளில் பிறந்த ஜாதிச் செடி அது. அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடைக்காலம் காய்ந்து கிடக்கும், காற்றில் ஈரம் குறைவு. வேரில் தண்ணீர் நிற்பது அதற்குப் பிடிக்காது. நம் கோடியக்கரையிலோ மூன்று பக்கமும் தண்ணீர்! ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டால் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இதில் இரண்டு வேளைத் தண்ணீர் வேறு... வேர் அழுகாமல் என்ன செய்யும்?

நீலகிரியில் தைம் நன்றாக வருகிறது. சமவெளியில் இதை வளர்த்தே தீருவேன் என்பவர்கள் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் தொடங்கலாம். அகலமான மண் தொட்டி, பாதிக்குப் பாதி மணலும் சிறு ஜல்லியும், நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர். மாசி, பங்குனி வரை வாசனை பிடிக்கலாம். சித்திரை வெயிலில் போய்விட்டால் என்மேல் கோபப்படக்கூடாது.

"அப்ப நம்ம ஊருக்கு எதுதான் ஆகும்?" என்றார் அந்தப் பெண்.

எதிர்வீட்டு வேலி ஓரத்தைக் காட்டினேன். அங்கே மழையில் நனைந்து ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது கற்பூரவள்ளி!

எந்தக் கற்பூரவள்ளி?

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் வாழைப்பழம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது பழமல்ல. ஓமவல்லி என்றும் சொல்வார்களே, தடித்த இலை, மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய ரோமம், ஓரத்தில் பல் பல்லாக வெட்டு, தொட்டாலே கையில் ஓம வாசனை ஒட்டிக்கொள்ளும் அந்தச் செடி. கேரளத்தில் பனிக்கூர்க்கை என்பார்கள். 'பனி' என்றால் அங்கே காய்ச்சல். கன்னடத்தில் தொட்டபத்திரை. வியட்நாம்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரில் எலுமிச்சையே இருக்கிறது. அவர்களும் குழந்தையின் இருமலுக்கு இதைத்தான் தேடுகிறார்கள்.

தாவரவியல் பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். நடுவில் பல வருஷம் பிளெக்ட்ராந்தஸ் என்று மாற்றி வைத்திருந்தார்கள். இப்போது பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். 1790-ல் லூரெய்ரோ என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் இந்தப் பெயரை வைத்தார். இந்தோனேஷியாவின் அம்போன் தீவுதான் 'அம்பாய்னிகஸ்' ஆனது. காட்டுச் செடியாக இது வளர்வது ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும். நம் கொல்லைப்புறத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகி, சொந்தக்காரராகவே ஆகிவிட்டது.

தைமும் கற்பூரவள்ளியும் துளசி, புதினா இருக்கும் அதே குடும்பம். உறவு அதோடு நிற்கவில்லை. தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு வாசனைப் பொருள்கள் இரண்டிலும் உண்டு. தைமால் என்ற பெயரே தைம் செடியிலிருந்து வந்ததுதான். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டி ஓமத்திலும் அதே தைமால்தான் மணக்கிறது. முதல் உலகப் போருக்கு முன்பு, தைமால் எடுப்பதற்காகவே இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்கு ஓமம் கப்பலேறிக்கொண்டிருந்தது! கிருமிகளை அடக்கும் குணம் இருப்பதால் வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றில் இன்றும் தைமால் சேர்க்கிறார்கள். ஆகவே ஊட்டித் தொட்டியில் அந்தப் பெண் தேடியது எதிர்வீட்டு வேலியிலேயே இருந்தது. எலுமிச்சை வாசனை மட்டும் இதில் இல்லை.

எங்கள் சித்த மருத்துவத்தில் கற்பூரவள்ளியைக் கார்ப்புச் சுவை, வெப்பத் தன்மை என்று வகைப்படுத்தி, 'கோழையகற்றி' என்ற வரிசையில் வைத்திருக்கிறோம். நெஞ்சில் கட்டிய சளியை இளக்கி வெளியே கொண்டுவருவது என்று அர்த்தம்.

காட்டில் பறிக்கலாமே?

கோடியக்கரை என்றாலே மூலிகை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது உண்டு. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களைக் கேட்கவே வேண்டாம். சுந்தர சோழரின் வைத்தியத்துக்கு மூலிகை கொண்டுவர, வைத்தியர் மகனோடு வந்தியத்தேவன் வந்து சேருவது இந்த ஊருக்குத்தானே! பக்கத்து ஊருக்கே அகத்தியன்பள்ளி என்று பெயர். எங்களுக்கெல்லாம் குருநாதர் பெயர்.

மூலிகை இங்கே உண்டு, மறுக்கவில்லை. பாலை மரமும் உகாயும் இசங்கும் நிற்கிற, தமிழ்நாட்டிலேயே அபூர்வமான வறண்ட பசுமைக்காடு இது. ஆனால் 1967-லிருந்து இது வனவிலங்கு சரணாலயம். வெளிமான்களுக்கும், கடல் தாண்டி வரும் பறவைகளுக்கும் உரிய இடம். ஒரு இலைகூடப் பறிக்கக்கூடாது. பறிக்க அனுமதித்தாலும் கற்பூரவள்ளி அங்கே கிடைக்காது, அது வீட்டுச் செடி. அமாவாசைக்குக் கடலாட வருகிறவர்களிடம் 'கோடியக்கரை மூலிகை' என்று கட்டுக்கட்டாக யாராவது விற்றால், வாங்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். எங்கே பறித்ததென்றும் தெரியாது, எது என்றும் தெரியாது.

நடுவது எப்படி?

விதை தேடி அலைய வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு கிளை ஒடித்துத் தருவார்கள். நாலு விரல் நீளத்தில், நுனியோடு, மூன்று நான்கு கணு இருக்கும்படி கிள்ளுங்கள். அடி இலைகளைக் களைந்துவிட்டு, வெட்டுவாய் காயும்வரை நிழலில் அரை நாள் போட்டுவையுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. ஈர வெட்டுவாயோடு ஈர மண்ணில் செருகினால் அழுகுகிறது. காய்ந்தபின் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் பிடித்துவிடும்.

மண்தான் முக்கியம். எங்கள் கோடியக்கரை மணலில் சத்து நிற்பதில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் போனால் நேர்மாறு. நெல் விளைகிற களிமண், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லுக்கு அது தேவாமிர்தம், கற்பூரவள்ளிக்கு விஷம். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு. இந்தக் கலவை இரண்டு ஊருக்கும் ஆகும். கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள், உப்பு இருக்கும். வேறு மணல் கிடைக்காவிட்டால் நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைபடாமல் இரண்டு ஓட்டுத் துண்டு வையுங்கள்.

தண்ணீர்? இந்தச் செடியின் இலையே ஒரு தண்ணீர்க் குடம். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குச் செம்பைத் தொடவேண்டாம். எங்கள் பக்கத்தில் பல கிணறுகள் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரையே ஊற்றினால் இலை ஓரம் பழுப்பாகித் தீய்ந்துபோகும். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாம். உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம். கடல்காற்று பலமாக அடித்த மறுநாள் இலைமேல் ஒரு செம்பு நல்ல தண்ணீர் தெளித்து உப்பைக் கழுவிவிடுவது என் வழக்கம்.

ஐப்பசி பிறக்கும்முன் தொட்டியைத் திண்ணைக்கு ஏற்றிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது என் தோட்டத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மாவும் தென்னையும் போன இடத்தில் செடியைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சமையற்கட்டு ஜன்னலில் ஒரு பழைய டப்பாவில் வைத்திருந்த ஒரே ஒரு கற்பூரவள்ளிக் கிளை மட்டும் பிழைத்தது. இன்று எங்கள் தெருவில் பாதி வீட்டில் இருப்பது அதன் வாரிசுகள்தான்.

மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு கழுவிவிடுங்கள். கடைப் பூச்சிமருந்து கூடவே கூடாது. வாயில் போடுகிற இலை அல்லவா! நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் பக்கக்கிளை வெடித்துப் புதராகும். இரண்டு வருஷத்தில் தண்டு மரம்போல் ஆகிவிடும். அப்போது நுனியைக் கிள்ளிப் புதிதாக நட்டுவிட்டு, பழையதை எடுத்துவிடலாம்.

வெள்ளைக் கரை போட்டது!

அந்தப் பெண்ணுக்கு மனசு ஆறவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு... ஆனா அந்தச் செடி மாதிரி கரை போட்டு அழகா இல்லையே!"

அதுவும் இருக்கிறது. கற்பூரவள்ளியிலேயே, இலை ஓரம் பாலில் தோய்த்தாற்போல் வெள்ளையாக இருக்கும் ரகம் ஒன்று நர்சரிகளில் கிடைக்கிறது. செடி அதே செடிதான். ஓரத்தில் உள்ள திசுவில் பச்சையம் இல்லை, அதனால் வெள்ளை. பச்சையம்தான் செடிக்குச் சமையற்கட்டு. இலையின் ஒரு பகுதியில் அடுப்பே இல்லை என்றால் வளர்த்தி மெதுவாகத்தான் இருக்கும். உச்சி வெயில் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குத் திண்ணை இதற்குப் பொருத்தம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில சமயம் முழுப் பச்சையாக ஒரு கிளை வெளிவரும். ஆகா, செழிப்பாக இருக்கிறதே என்று விட்டுவைத்தீர்களானால், அந்தக் கிளை வேகமாக வளர்ந்து ஒரே வருஷத்தில் தொட்டி முழுக்கப் பச்சையாகிவிடும். கண்டவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும். ஊட்டித் தைமுக்கும் இதே கதைதான். இந்தக் கரை போட்ட செடிகளை நுனி கிள்ளி நட்டுப் பெருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைக் கரை போட்ட செடியெல்லாம் கற்பூரவள்ளி ஆகாது. வாசலில் அழகுக்கு வைக்கிற டீஃபன்பாக்கியா இலையிலும் வெள்ளைத் திட்டு இருக்கிறது. அதைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். கசக்கி மோந்து, ஓம வாசனை வந்தால்தான் நம் சரக்கு. வரவில்லையா, கையைக் கழுவிவிட்டுப் பேசாமல் இருங்கள். பறித்து உபயோகிக்கப் பச்சை ரகம், பார்த்து ரசிக்க வெள்ளைக் கரை. இது என் வீட்டு ஏற்பாடு. பச்சைதான் பறிக்கப் பறிக்கச் சீக்கிரம் துளிர்க்கிறது.

எவ்வளவு, யாருக்கு?

பெரியவர்களுக்குச் சளி, இருமல் என்றால் ஐந்தாறு இலையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, நாலு மிளகு தட்டிப் போட்டு, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டிக் குடிக்கலாம். காலை மாலை, மூன்று நாள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரே ஒரு இலை. தணலில் வாட்டிப் பிழிந்தால் வரும் சாற்றில் அரை டீஸ்பூன், தேன் குழைத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குமேல் வேண்டாம். காரமான இலை, நாள்கணக்கில் போனால் வயிறு எரியும். குடல்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கஷாயம் வேண்டாம். சமையலில் இரண்டு இலை சேருவதால் குற்றமில்லை. கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுப் பாருங்கள். மழை நாளுக்கு அதைவிட ஜோரான பலகாரம் எனக்குத் தெரியாது! தேங்காய், இஞ்சி வைத்துத் துவையலும் அரைக்கலாம்.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

நான் வைத்தியம் தொடங்கிய புதிது. உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பத்திலிருந்து ஒரு பாட்டி எட்டு மாசப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நாலு நாளா கற்பூரவள்ளிச் சாறும் தேனும் குடுக்கிறேன் தம்பி, சளி இறங்கல." நானும் நாடியைப் பார்த்துவிட்டு, சாற்றோடு சேர்த்துக் கொடுக்க ஒரு சூரணம் மடித்துக் கொடுத்து அனுப்பினேன். குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் கதவைத் தட்டினார்கள். குழந்தை மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நிமோனியா! வண்டி பிடித்து நாகப்பட்டினம் கொண்டுபோய் ஆக்ஸிஜனும் ஊசி மருந்தும் கொடுத்து, பத்து நாளில் பிழைத்து வந்தது. அந்தக் குழி முதல் நாளே விழுந்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை. அன்றிலிருந்து இருமலோடு எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கையில் எடுக்கிறேன்.

இதை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். பிறந்து இரண்டு மாசம் ஆகாத சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாசத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது சாதாரணச் சளி இல்லை. அன்றே ஆஸ்பத்திரி. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலமானாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், எண்ணிக்கொண்டுகூட இருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்! கற்பூரவள்ளி எங்கும் ஓடிவிடாது, வந்து பறித்துக்கொள்ளலாம்.

ஆறு மாசம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், இந்தச் சாறும் சேர்த்துத்தான், வேண்டாம். ஒரு வயது முடியாமல் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்பைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்திவிடக்கூடும். 'எங்க காலத்துல நாக்குல தேன் வச்சுத்தானே வளர்த்தோம்' என்று மாமியார் சொல்வார். அவரிடம் சண்டை போடவேண்டாம், இந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். மூக்கில் சாறு பிழிவது, எண்ணெய் விடுவது, அதுவும் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற இருமலைக் கஷாயத்தில் மூடி மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோயாக இருந்தால் மாத்திரையும் இலவசம். என்னிடம் வருகிறவர்களையும் அங்கே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

ஊட்டித் தைம் கார்த்திகைக்குள் போய்விட்டது. அந்தப் பெண் அதே தொட்டியில் மண்ணை மாற்றி, வெள்ளைக் கரை போட்ட கற்பூரவள்ளியை வைத்திருக்கிறார். போன வாரம் திண்ணைக்கு வந்தார்.

"டாக்டர், முழுப் பச்சையா ஒரு கிளை விட்டிருக்கு..."

"கிள்ளிட்டியாம்மா?"

"கிள்ளிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. இன்னொரு தொட்டியில நட்டிருக்கேன்... பஜ்ஜிக்கு!"